தண்ணீர் டிரம் எங்கே? படத்தை உற்றுப் பார்க்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

செம்பூரில் எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்ப்போம். பெரும்பாலும் மும்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். படம் முடிந்ததும் ‘செம’, ‘மொக்கை’ என்ற இரண்டு சொல்லுக்குள் பேச்சு முடிந்துவிடும். ஏன் பிடித்தது என்று கேட்டால் ‘கதை நல்லா இருந்துச்சு’ என்பார்கள். அதே கதையை நான் வாயால் சொன்னால் யாருக்கும் கண் கலங்காது. கலங்க வைத்தது வேறு ஏதோ. அதைத் தேடிப் பிடிக்கப் பழகுவது எப்படி என்று எங்கள் கூட்டத்தில் செய்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு தாராவியிலிருந்து அம்மா வந்திருந்தார். திரையில் தாராவி வீடு ஒன்று. கதாநாயகி அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். பிள்ளைகள் எல்லாரும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பி, “ஏலே, இது நம்ம ஏரியா இல்லல்லா. டிரம் எங்க? தண்ணிய எதுல புடிச்சு வைப்பாவ?” என்றார்.

குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். அதைப் பிடித்து வைக்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்தான் அங்கே வீட்டின் முதல் சாமான். அதற்கு மேல் மூடி, மூடிக்கு மேல் சொம்பு, பக்கத்தில் சுருட்டி வைத்த ரப்பர் குழாய். படத்து வீட்டில் அடுப்பு இருந்தது, சாமி படம் இருந்தது, காலண்டர் இருந்தது, டிரம் இல்லை. அந்தப் பெண் நன்றாகத்தான் அழுதாள். ஆனால் அம்மாவுக்கு அந்த அழுகை ஒட்டவே இல்லை. இல்லாத வீட்டில் உட்கார்ந்து அழுகிறவள்மேல் இரக்கம் வராதுதானே.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. செட் வேறு, நடிப்பு வேறு, எஃபெக்ட் வேறு என்று விமர்சனங்களில் தனித்தனியாக மார்க் போடுகிறோம். பார்க்கிறவர் மனதில் அவை தனித்தனியாக ஏறுவதில்லை. ஒன்று சறுக்கினால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழுகிறது.

முதல் படி: உடம்பு சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் தடவை படத்தைச் சும்மா பாருங்கள். ஆராயவே வேண்டாம். ஒரே ஒரு வேலை: உங்கள் உடம்பில் ஏதாவது நடந்தால் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே மூச்சைப் பிடித்தீர்கள், எங்கே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே தொண்டை அடைத்தது.

இதோடு இன்னொன்றும் சேர்த்தி. எங்கே போனைக் கையில் எடுத்தீர்கள்? அதுவும் முக்கியமான தடயம். அந்த இடத்தில் ஏதோ ஒன்று உங்களை விட்டுவிட்டது. இடைவேளையில் இரண்டு வரி எழுதினால் போதும்: ‘ஆஸ்பத்திரி வராந்தா, மூச்சு நின்றது’, ‘இரண்டாவது சண்டை, போன் எடுத்தேன்’. இந்தக் குறிப்பு இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கலைச்சொற்களைக் கற்றுக்கொண்டு அப்புறம் படத்தில் அவற்றைத் தேடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ‘லோ ஆங்கிள்’ தெரியும், தாங்கள் ஏன் அழுதோம் என்பது தெரியாது. உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போவதுதான் சரியான திசை என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் படி: மூன்று நிமிடக் காட்சியை நான்கு முறை

குறித்த இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் போதும். ஓடிடியில் வந்த பிறகு அதை மட்டும் நான்கு முறை பாருங்கள்.

ஒரு முறை சத்தத்தை நிறுத்திவிட்டு. ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு, காதால் மட்டும். ஒரு முறை பேசாதவரை மட்டும் பார்த்துக்கொண்டு. கடைசியாக ஒரு முறை, ஷாட் (வெட்டாமல் ஒரே ஓட்டமாக வரும் துண்டு) மாறும்போதெல்லாம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு.

எங்கள் கூட்டத்தில் எல்லாரையும் ஆச்சரியப்படுத்துவது கண்ணை மூடிக் கேட்பதுதான். வசனம், பாட்டு இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மின்விசிறி, எங்கோ போகிற ரயில், சேலை உரசுவது, டம்ளரை வைக்கும் ஒலி. இவற்றில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் பதிவானவை அல்ல. ஒலிக்கூடத்தில் திரையைப் பார்த்தபடி ஆட்கள் செருப்பைத் தேய்த்தும் துணியைக் கசக்கியும் உண்டாக்குகிறார்கள். இந்த வேலைக்கு ஃபோலி என்று பெயர், ஹாலிவுட்டில் இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் ஃபோலியின் பெயரிலிருந்து வந்தது. தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தட்டிக் குதிரைக் குளம்பொலி எழுப்புவது இதில் மிகப் பழைய வித்தை.

விரலால் தட்டும்போது, தட்டு எப்போது வேகமாகிறது, எப்போது நின்றே போகிறது என்று கவனியுங்கள். உங்கள் மூச்சு நின்ற இடத்தில் பெரும்பாலும் தட்டும் நின்றிருக்கும். வெட்டாமல் ஒரே ஷாட்டாக நிற்கும்போது நமக்குத் தப்பிக்க வழி இல்லாமல் போகிறது.

மூன்றாம் படி: நடிகரை உள்ளங்கையால் மறையுங்கள்

இது இடத்தைப் பார்க்கப் பழகும் படி. படத்தை நிறுத்துங்கள். உள்ளங்கையை நீட்டி, திரையில் இருக்கும் நடிகரை மறையுங்கள். மிச்சம் தெரிவதை வைத்து அங்கே யார் குடியிருக்கிறார்கள், எத்தனை நாளாக, கையில் காசு இருக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறார்களா என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் ஆர்ட் டைரக்டர் வேலை செய்திருக்கிறார். எதுவும் சொல்ல முடியவில்லை என்றால் அங்கே சுவர் இருக்கிறது, வீடு இல்லை.

எதைத் தேடுவது? பளபளப்பைத் தேடாதீர்கள், புழங்கிய தடத்தைத் தேடுங்கள். சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் பட்டுக் கறுத்த வட்டம். அடுப்புக்குப் பின்னால் சுவரில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். முக்கியமாக, தரையில் உட்கார்ந்து சாய்கிற இடத்தில், இரண்டரை அடி உயரத்தில், சுவரில் படிந்திருக்கும் தலை எண்ணெய்க் கறை. நம் வீடுகளில் அது இல்லாத சுவர் கிடையாது. அந்தக் கறையைத் திரையில் பார்த்த அன்று, அந்த வீட்டில் ஒரு தாத்தா இருந்து செத்துப் போயிருக்கிறார் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். படம் அதைச் சொல்லவே இல்லை. சுவர் சொன்னது.

துணியையும் அப்படியே பாருங்கள். ஏழை வேடத்துக்குக் கடையில் வாங்கிய புதுச் சட்டையை அப்படியே மாட்டிவிட்டால் மடிப்புக்கோடு காட்டிக்கொடுத்துவிடும். நல்ல உடைப் பிரிவில் பலமுறை துவைத்து, காலர் மடிப்பிலும் முழங்கையிலும் உப்புத்தாளால் தேய்த்து, டீத்தூள் தண்ணீரில் முக்கி எடுத்துப் பழசாக்குவார்கள்.

மும்பைத் தமிழர்கள் அறிந்து வைத்திருக்க வேண்டிய பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்தின் தாராவியில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். கலை இயக்கம் தோட்டா தரணி. அந்தப் படத்துக்குக் கிடைத்த தேசிய விருதுகள் மூன்று: நடிப்புக்குக் கமல்ஹாசன், ஒளிப்பதிவுக்கு பி.சி.ஸ்ரீராம், கலை இயக்கத்துக்குத் தோட்டா தரணி. மூன்று பேருடைய வேலையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

நிஜத் தாராவி இருக்க, ஏன் சென்னையில் போய் செட் போட வேண்டும்? கூட்டத்தைச் சமாளிப்பது மட்டும் காரணமல்ல. 90 அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பி எந்தச் சந்திலாவது நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பாருங்கள். பல சந்துகளில் இரண்டு பக்கச் சுவரும் கையில் தட்டும். கேமரா ஒருவர் முகத்தை நேராகப் பார்க்கப் பின்வாங்கி நிற்க வேண்டுமே, எங்கே நிற்கும்? விளக்கை எங்கே வைப்பது? செட்டில் பிளைவுட்டிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் செய்த சுவரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். கேமரா வெளியே நின்று உள்ளே பார்க்கும், நமக்குச் சந்து குறுகலாகவே தெரியும். கூரையும் அப்படித்தான். ஒரு வீட்டின் உள்கூரையைப் படம் முழுக்க ஒரு தடவைகூடக் காட்டவில்லை என்றால், அங்கே கூரை இல்லாமல் விளக்குகள் தொங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

செட் என்பது பொய், நிஜ இடம் என்பது உண்மை என்ற எண்ணத்தை இந்தப் படியிலேயே விட்டுவிடுங்கள். நிஜ இடத்தில் எடுத்தும் ஒட்டாமல் போகும், செட்டில் எடுத்தும் அம்மாவை நம்ப வைக்க முடியும். டிரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் படி: நடிப்பைக் கையிலிருந்து பாருங்கள்

புதியவர்கள் நடிப்பு என்றால் முகத்தைப் பார்க்கிறார்கள். அதுவும் அழும்போதும் கத்தும்போதும். நான் சொல்வது, முதலில் கையைப் பாருங்கள்.

மாட்டுங்கா ரயில் நிலையப் பக்கம் பூ கட்டும் அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள், சில்லறை கொடுப்பார்கள், பக்கத்துக் கடைக்காரரிடம் சண்டையும் போடுவார்கள். கண் பூவில் இருக்காது. விரல் தன்பாட்டுக்கு இரண்டு பூவை இந்தப் பக்கம், இரண்டு பூவை அந்தப் பக்கம் வைத்து நாரைச் சுற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு படத்தில் பூக்காரி வேடத்தில் நடிப்பவரின் விரலைப் பாருங்கள். வசனம் சொல்லும்போது கை நின்றுவிடுகிறதா? கட்டும்போது கண் கீழே போகிறதா? அப்படியென்றால் அவர் பூக்காரி வசனம் பேசுகிறார், இன்னும் பூக்காரி ஆகவில்லை. வெங்காயம் நறுக்குவது, சேலை மடிப்பது, மீட்டர் ஆட்டோ ஓட்டுவது, எதுவானாலும் இந்தச் சோதனை பொருந்தும்.

அடுத்தது தூரம். இதைப் புரிந்துகொள்ள மும்பையில் நல்ல வசதி இருக்கிறது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சண்முகானந்தா அரங்கில் ஒரு நாடகமோ நாட்டிய நிகழ்ச்சியோ பாருங்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். கடைசி மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கோபம் எட்ட வேண்டும் என்றால் கை தோளுக்கு மேல் போக வேண்டும், குரல் நெஞ்சிலிருந்து வர வேண்டும். இன்னொரு நாள் ஜூஹுவில் பிருத்வி தியேட்டருக்குப் போங்கள். 1978-இல் தொடங்கிய சிறிய அரங்கம், மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் பார்வையாளர்கள், நடிகரின் நெற்றி வேர்வைகூடத் தெரியும். அங்கே சண்முகானந்தா அளவு நடித்தால் நாம் பின்னால் சாய்ந்துகொள்வோம். சினிமாவின் க்ளோசப்போ இன்னும் நெருக்கம். பெரிய திரையில் ஒரு கண் மட்டுமே நம் ஆள் உயரத்துக்கு நிற்கும். கண் இமைக்க ஏறக்குறைய கால் விநாடி. விநாடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனி அசையாப் படம்) ஓடும் திரையில் அது ஆறு ஃப்ரேம். அந்த ஆறு ஃப்ரேமே அங்கே ஒரு வசனம்.

ஆகவே ‘ஓவர் ஆக்டிங்’ என்று சொல்லும் முன், கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தூரத்திலிருந்து எடுக்கும் லாங் ஷாட்டில் சரியாக இருப்பது க்ளோசப்பில் கூடுதலாகிவிடும். தவறு பல நேரம் நடிகருடையது அல்ல, ஷாட்டைத் தேர்ந்தவருடையது.

மூன்றாவது, நடிப்பில் பாதி நம் மனதில் நடக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனையைத் திரைப்படக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு நடிகர் முகத்தை எடுத்து, அதோடு ஒரு முறை சூப் தட்டையும், ஒரு முறை சவப்பெட்டியையும், ஒரு முறை ஒரு பெண்ணையும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று அந்த முகத்தில் கண்டார்களாம். முகம் மூன்று முறையும் அதே முகம்.

இதை வீட்டில் செய்து பார்க்காமல் விடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை உட்கார வைத்து, ‘மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணு’ என்று மட்டும் சொல்லி எட்டு விநாடி எடுத்தோம். போனிலேயே எடிட் செய்து, அந்த முகத்துக்கு முன்னும் பின்னும் ஒரு தட்டு தயிர்சாதத்தையும், பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றையும், பிறகு பிளாட்பாரத்தை விட்டு நகரும் ரயிலையும் வைத்தோம். ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்ததைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் காட்டினோம். “பாவம் புள்ள, எவ்வளவு தாங்கிக்கிட்டு நிக்கிது” என்றார். பையன் அப்போது ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான். எடிட்டிங் மேசையில் நடிப்பு எப்படிக் கூடுகிறது என்பதை இதைவிட எளிதாக யாரும் கற்றுக்கொடுக்க முடியாது.

கடைசியாகக் குரல். மும்பையில் இருக்கும் நமக்கு மற்ற ஊர்த் தமிழர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு: ஒரே காட்சியைத் தமிழிலும் இந்தி டப்பிங்கிலும் பார்த்து இரண்டையும் முழுசாகப் புரிந்துகொள்ள முடியும். முகம் அதே, உடம்பு அதே, குரல் மட்டும் வேறு. தமிழில் தயங்கித் தயங்கிப் பேசிய அப்பா இந்தியில் திடமான ஆளாக மாறிவிடுவார். அப்போது தெரியும், நீங்கள் அந்த முகத்தில் பார்த்த தயக்கத்தில் எவ்வளவு குரலில் இருந்தது என்று. டப்பிங்குக்கு எழுதுகிறவர்கள் உதட்டையும் பார்க்க வேண்டும். ப, ம போன்ற ஒலிகளுக்கு உதடு ஒட்டும், அந்த இடத்தில் உதடு ஒட்டுகிற சொல்லே விழ வேண்டும். அதற்காகப் பொருத்தமான சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் போட நேர்கிறது. இந்திய மொழிப் படங்களில் வெகுகாலம் மூலப்படத்துக்கே பிறகு டப்பிங் பேசும் வழக்கம்தான் அதிகம். 2001-இல் ‘லகான்’ படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியைப் பதிவு செய்து பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இரண்டு வகையையும் கேட்டுப் பழகுங்கள். தளத்தில் பதிவான குரலில் மூச்சும் உடம்பின் அசைவும் சேர்ந்தே வரும்.

ஐந்தாம் படி: எஃபெக்டை மழையிலிருந்து தொடங்குங்கள்

எஃபெக்ட் என்றதும் பறக்கும் மனிதனும் இடிந்து விழும் கோட்டையும் நினைவுக்கு வருகின்றன. அவற்றை அப்புறம் பார்க்கலாம். மும்பையில் நான்கு மாதம் இலவசமாக ஒரு வகுப்பு நடக்கிறது.

ஜூலையில் நல்ல மழை கொட்டும் இரவில் ஜன்னல் பக்கம் நில்லுங்கள். தெருவிளக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஒரு வீடியோ எடுங்கள். மழை இருப்பதே சரியாகத் தெரியாது, சாலை ஈரமாக மட்டும் இருக்கும். இப்போது விளக்கைப் பார்த்தபடி, மழை உங்களுக்கும் விளக்குக்கும் நடுவில் விழும்படி எடுங்கள். ஒவ்வொரு துளியும் வெள்ளிக்கம்பியாகத் தெரியும். படத்தில் டேங்கர் லாரித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, பின்னால் பெரிய விளக்கு வைப்பது இதற்குத்தான். அடுத்த முறை மழைக்காட்சி வந்தால் அந்த விளக்கு எங்கே இருக்கும் என்று தேடுங்கள். கண்டுபிடித்தால் காட்சியின் சுகம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். எனக்குக் கூடித்தான் இருக்கிறது.

நம் நாட்டில் தந்திரக் காட்சிகளின் கதையும் இந்த ஊரிலேயேதான் தொடங்குகிறது. தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3 அன்று கிர்காவில் கரோனேஷன் அரங்கில் திரைக்கு வந்தது. பெண்கள் நடிக்க முன்வராததால் ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஆண். அதே சாலுங்கே 1917-இல் பால்கேயின் ‘லங்கா தகன்’ படத்தில் ராமராகவும் சீதையாகவும் இரண்டு வேடத்தில் நடித்தார். நூறு ஆண்டுக்கு முன்பு ராமரைக் கும்பிட்டவர்களே சீதையையும் அதே முகத்தில் கும்பிட்டிருக்கிறார்கள்.

பழைய இரட்டை வேடக் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். கேமரா அசையாது. நடுவில் தூணோ கதவு நிலையோ இருக்கும். லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்துவிட்டு, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி மறு பாதியை எடுப்பார்கள். தூண்தான் தையல்.

கணினி வருவதற்கு முன் செய்த வேலைகளில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது 1989-இல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கமல்ஹாசன் நடித்த குள்ளமான அப்பு. சில ஷாட்டுகளுக்குத் தரையில் பள்ளம் தோண்டி முழங்காலுக்குக் கீழே மறைத்தார்கள். சிலவற்றுக்குக் காலை மடித்துக் கட்டி முழங்காலில் தனி ஷூ மாட்டினார்கள். ஷாட்டுக்கு ஷாட் உத்தி மாறுவதால் நாம் ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆனால் நான் அங்கே பார்க்கச் சொல்வது உத்தியை அல்ல. முகத்தைப் பாருங்கள். காலை மடித்துக் கட்டிய வலி அந்த முகத்தில் இல்லை, அப்புவின் வலி மட்டும் இருக்கிறது. எஃபெக்டை நம்ப வைத்தது நடிப்பு.

சி.ஜி., அதாவது கணினியில் உருவாக்கும் காட்சிகளுக்கும் இதே விதிதான். எங்கோ ஒட்டவில்லை என்று உடம்பு சொன்னால் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, எடை. கணினியில் செய்த மிருகம் கால் வைக்கும்போது தரை அசைகிறதா, தூசி கிளம்புகிறதா, பாதத்துக்கு அடியில் நெருக்கமான நிழல் இருக்கிறதா? இரண்டு, வெளிச்சத்தின் திசை. ஆள்மேல் வெயில் இடமிருந்தும் மலைமேல் வலமிருந்தும் விழுந்தால் மனம் காரணம் தெரியாமலே விலகிக்கொள்ளும். பின்னணியை அப்புறம் கணினியில் மாற்றுவதற்காகப் பச்சைத் திரைக்கு முன் எடுத்ததென்றால் முடியின் ஓரத்தில் பச்சைச் சாயல் மிஞ்சியிருக்கலாம். பச்சையை ஏன் வைக்கிறார்கள் என்றால், அது மனிதத் தோலின் நிறத்திலிருந்து தள்ளி நிற்கிறது. டிஜிட்டல் கேமரா சென்சாரிலும் சிவப்பு, நீலத்தைவிடப் பச்சையை வாங்கும் புள்ளிகள் இரண்டு மடங்கு இருப்பதால் விளிம்பு சுத்தமாக வெட்டுப்படும்.

மூன்றாவது, நடிகரின் கண். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எதிரே இருபதடி ராட்சசன் என்று கதை சொல்கிறது. படப்பிடிப்பில் அங்கே இருந்தது கம்பில் கட்டிய ஒரு பந்து. நடிகர் அதை எவ்வளவு உயரத்தில் பார்க்கிறார், ராட்சசன் நகரும்போது கண் கூடவே நகர்கிறதா, பார்க்கிற தூரம் சரியா? கண் தப்பினால் எத்தனை கோடி செலவழித்தாலும் ராட்சசன் வரமாட்டான். இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்த பிறகு எங்கள் பிள்ளைகள் ‘சி.ஜி. மோசம்’ என்று முன்பு ஒதுக்கிய இரண்டு மூன்று காட்சிகளில், பழுது நடிகரின் பார்வையில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

ஆறாம் படி: எது எதை இழுக்கிறது என்று எழுதுங்கள்

மறுபடி உங்கள் முதல் குறிப்புக்கு வாருங்கள். ‘ஆஸ்பத்திரி வராந்தா, மூச்சு நின்றது’. இப்போது அந்தக் காட்சிக்கு மூன்று கேள்வி: இடம் என்ன சொல்கிறது, ஆள் என்ன செய்கிறார், கண்ணுக்கும் காதுக்கும் கூட்டிச் சேர்த்தது என்ன? அப்புறம் ஒரு நான்காவது கேள்வி: இந்த மூன்றில் எதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் சரிந்துவிடும்?

அந்த வராந்தாக் காட்சிக்கு எங்கள் கூட்டத்தில் வந்த பதில் இது. நீளமான வராந்தா, ஒரு டியூப் லைட் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். பின்னணி இசை கிடையாது, கொக்கியின் ‘டக்’ மட்டும் கேட்கிறது. டாக்டர் வெளியே வருகிறார், பேசுவதற்கு முன்பே கொக்கிச் சத்தம் நிற்கிறது. சிலர் நடிப்பு என்றார்கள், சிலர் ஒலி என்றார்கள். ஒரு பெண் டிபன் பாக்ஸ் என்றாள். அது பழைய அலுமினிய டப்பாவாக இல்லாமல் பிளாஸ்டிக் டப்பாவாக இருந்திருந்தால் ‘டக்’ இல்லை, ‘டக்’ இல்லையென்றால் கைக்கு வேலை இல்லை, கைக்கு வேலை இல்லையென்றால் அப்பா அழ வேண்டியிருந்திருக்கும். பிராப்பர்ட்டி (காட்சிக்கு வேண்டிய சாமான்கள்) பார்த்த ஆள் தேர்ந்தெடுத்த ஒரு டப்பாவிலிருந்து முழுக் காட்சியும் கிளம்புகிறது. அன்று ராத்திரி பத்து மணி வரை இதே பேச்சு.

பதில் ஒரே மாதிரி வர வேண்டியதில்லை. ஆனால் ‘கதை நல்லா இருந்துச்சு’ என்ற இடத்திலிருந்து டிபன் பாக்ஸ் வரை வந்துவிட்டால் நீங்கள் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள்.

எங்கே பார்ப்பது, எங்கே உட்காருவது

தியேட்டரில் நடு வரிசையில், திரையிலிருந்து அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி உட்காருங்கள். ஒலிக்கலவை செய்பவரும் ஏறக்குறைய அந்த இடத்தில் இருந்துதான் கேட்டுச் சரிபார்ப்பார். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் மற்றவற்றை விழுங்கிவிடும். ஒரு தடவை ஓர் அரங்கில் ஒலியை மிகவும் குறைத்து வைத்திருந்தார்கள், ஒரு அமைதியான படம் எங்களுக்கு வெறும் மந்தமான படமாகப் போயிற்று. வெளியே வந்து சொன்னோம், அடுத்த காட்சிக்குக் கூட்டினார்களாம். அதனால் ஒரு படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் எப்படிப்பட்ட அரங்கில் பார்த்தோம் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேட்கவில்லை என்றால் எழுந்து போய்ச் சொல்லுங்கள், சீட்டு வாங்கியவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

பெட்டர் ரோட்டில் இந்திய சினிமாவின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, 2019 ஜனவரியில் திறந்தார்கள். ஒரு பகுதி குல்ஷன் மஹால் என்ற பழைய மாளிகையில், இன்னொரு பகுதி பக்கத்துப் புதுக் கட்டடத்தில். கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளும் நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கேமராக்களின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்படி ஒரு கைப்பிடியைச் சுற்றித்தான் ராமரையும் சீதையையும் ஒரே ஆளிலிருந்து எடுத்தார்கள்.

படம் விட்டு ரயிலில் திரும்பும்போது ஐந்து வரி எழுதுங்கள், வீடு போய்ச் சேர்ந்த பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள். குர்லாவிலிருந்து செம்பூர் வரும் நேரம் அதற்குப் போதும். படத்தின் பெயர், அரங்கு, உடம்பு சொன்ன இரண்டு இடம், உள்ளங்கையால் மறைத்தால் என்ன மிஞ்சியது, யாருடைய கை நினைவில் நிற்கிறது. வீட்டில் பெரியவர்கள் யாராவது கூட வந்திருந்தால் அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். என் நோட்டில் அம்மாவுக்கென்று தனிப் பக்கமே இருக்கிறது. கடைசியாக எழுதியது போன மாதம், வேறொரு படத்துத் தாராவி மாடி வீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “டிரம்லாம் சரி. ஏணில கயிறு கட்டலியே, ராத்திரி எதப் புடிச்சு எறங்குவாவ?”